தும்புரு தீர்த்தத்து வழி



வழி என்பது நடப்பவருக்கே பயன் தருவது. வழியின் நீளத்தை அளந்தவரும், அதன் படத்தை எழுதி வைத்தவரும், அதனைப் புகழ்ந்து பேசியவரும் நடவாதிருப்பாராயின் புறப்பட்ட இடத்திலேயே நிற்பர். பகவன் புத்தர் தாம் கண்ட அறத்தை எட்டு உறுப்புடைய வழி என்று அழைத்ததன் கருத்து இதுவே. அவரும் போதி பெற்றபின் 45 ஆண்டுகள் கங்கைச் சமவெளியின் ஊர்கள்தோறும் கால்நடையாகவே சென்று அறம் உரைத்தார். மாரிக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கினார். ஆதலின் நடத்தலைப் பற்றிச் சிந்திப்பது நமக்குப் புறம்பான செயலன்று. இம்முறை நாம் குறித்ததொரு வழியை எடுத்துக்கொண்டு, அதில் மூவகை மக்கள் நடக்கும் நடையை ஆராய்ந்து, அதனால் பெறும் அறத்தைத் தெளிவோமாக.

திருமலை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன ஏழு மலைகளும், கோயிலும், படிவழிகளுமேயாம். அலிபிரியிலிருந்து ஏறுவோர் 3,550 படிகளையும், ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறுவோர் 2,388 படிகளையும் கடந்து மேலே செல்கின்றனர். இவ்வழிகளில் விளக்கும் குடிநீரும் தங்குமிடமும் உண்டு. ஆயின் கோயிலுக்கு வடக்கே, பாபவிநாசத்தையும் கடந்து அடர்ந்த காட்டினுள்ளே, தும்புரு தீர்த்தம் என்ற ஓர் இடம் இருக்கின்றது. அங்கே மலையானது கத்தியால் பிளந்தாற்போல இரண்டாகப் பிளந்து நிற்கின்றது. இரு மருங்கும் பாறைச் சுவர்கள் வானளாவ உயர்ந்திருக்க, நடுவே ஓடை ஓடுகின்றது. ஆண்டிற்கு ஒருமுறை, பங்குனித் திங்களின் முழுமதியை ஒட்டி, பக்தர்கள் அங்குச் சென்று நீராடுவது வழக்கம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தார் அப்போது வழியில் உணவும் நீரும் அளித்து, இருதய நோயும் மூச்சிழுப்பும் மிகு பருமனும் உடையோர் வாராதிருத்தல் நலம் என்று அறிவுறுத்துகின்றனர்.

மற்றை நாள்களில் அது விலங்குகளின் இடம். சேஷாசல மலைக்காட்டின் ஒரு பகுதி 1989-ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவாகவும், 2010-ஆம் ஆண்டில் இம்மலைத்தொடரின் பரந்த பகுதி உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் இசைவின்றி அங்குப் புகுதல் குற்றமாகும். இசைவு பெற்ற காலங்களில், மலையேற்றத்தில் பழகியவர்கள் அடிவாரத்திலிருந்து ஓடையையே வழியாகப் பற்றிக்கொண்டு, இரவில் மணல் திட்டிலும் பாறை மேலும் படுத்துறங்கி, இரண்டு மூன்று நாள் நடந்து இத்தகைய பிளவுகளைக் கண்டு வந்ததும் உண்டு. அவ்வழியில் படியும் இல்லை. கைகாட்டி மரமும் இல்லை. யானைக் குடம் போன்ற உருண்டைப் பாறைகளின்மேல் தாவியும், இடுப்பளவு நீரில் இறங்கியும், மடுக்கள் வந்தால் நீந்தியும் செல்லவேண்டும்.

முதலில் அங்குள்ள கல்லை நோக்குவோம். திருமலைக்கு ஏறும் மலைச்சாலையின் ஓரத்தில், இரு வேறு கற்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருத்தலைக் காணலாம். கீழே உள்ளது பழங் கருங்கல். மேலே உள்ளது நகரிக் குவார்ட்சைட் என்று நிலவியலார் கூறும் கல். அது முன்னொரு காலத்தில் நீரடியில் படிந்த மணல், இறுகி இறுகிக் கல்லாயது. கீழ்க்கல் தோன்றிய காலத்திற்கும் அதன்மேல் மணல் படிந்த காலத்திற்கும் இடையே ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகள் கழிந்தன என்பர். அமெரிக்க நாட்டில் கிராண்ட் கான்யன் என்னும் பெரும் பள்ளத்தின் அடியிலும் இத்தகைய கால இடைவெளி காணப்படுகின்றது. திருமலையின் இவ்விடத்தை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னங்களுள் ஒன்றாகக் காத்து வருகின்றது.

இதனால் நாம் அறிவது யாது? மலை அசைவற்றது என்பர் உலகோர். ஆனால் அம்மலை முன்பு மணலாய் இருந்தது. அதனைக் கொணர்ந்து சேர்த்தது நீர். இன்று அதனை அறுத்துப் பிளந்து மீண்டும் மணலாக்கி எடுத்துச் செல்வதும் நீரே. ஓடையில் நடப்பவன் காலடியில் நெருடும் மணல், மேலே நிற்கும் சுவரிலிருந்து உதிர்ந்ததேயாம். கூடியவை யாவும் பிரியும் என்னும் அறவுரையை நாம் வாயால் ஓதுகின்றோம். இங்கே அதனை உள்ளங்காலால் அறியலாம். மலைக்கே இந்நிலையாயின், அறுபது எழுபது ஆண்டு நிற்கும் இவ்வுடலைக் குறித்து நாம் கொள்ளும் செருக்கு எத்துணைப் பேதைமை உடையது!

இனி நடையை நோக்குவோம். ஓடையில் நடப்பவன் ஒவ்வோர் அடியிலும் எதிர்வரும் கல்லை ஆராய்தல் வேண்டும். காய்ந்த கல் கால் பற்றும். பாசி படர்ந்த கல் வழுக்கும். பெரிதாகத் தோன்றும் கல்லும் அடியில் மணல் அரிக்கப்பட்டிருப்பின் புரளும். அங்கே நேற்றைய வழக்கையோ நாளைய பொருளையோ எண்ணிக்கொண்டு அடி வைப்பவன் விழுவான். நற்கருத்து என்று எண்வகை நெறியில் கூறப்படும் உறுப்பு இதுதான். பிக்குகள் நடக்கும்போது நடக்கின்றோம் என்று அறிந்து நடக்குமாறு பகவன் பணித்தார். சமநிலத்தில் நமக்கு அவ்வுரையின் அருமை விளங்குவதில்லை. ஏனெனில் சமநிலம் நம் மறதியை மன்னித்துவிடுகின்றது. இல்லறத்திலோ, கொடுக்கல் வாங்கலிலோ, சினம் எழும் வேளையிலோ அத்தகைய மன்னிப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

அடுத்து, சுமையை நோக்குவோம். மூன்று நாளைக்கு வேண்டும் உணவையும் போர்வையையும் தோளில் ஏற்றிக்கொண்டே செல்லவேண்டும். புறப்படும்போது எல்லாம் இன்றியமையாதன என்று தோன்றும். முதல் நாள் உச்சிவேளைக்குள் எவை வேண்டாதன என்பதைத் தோளே கூறிவிடும். மடுவைக் கடக்கும்போது மூட்டையை நீர் புகாவண்ணம் கட்டி மிதக்கவிட்டு, நீந்த வல்லார் முன் சென்று கயிறு பிணைத்துத் தர, வல்லாதார் அக்கயிற்றைப் பற்றிக்கொண்டு கடப்பர். ஆங்கே வலியவன் முன்னே ஓடிவிடுதல் பெருமையன்று. கூட்டத்தில் மெலிந்தவன் நடையே கூட்டத்தின் நடையாகும். நன்னட்பே அறவாழ்வு முழுதும் என்று பகவன் ஆனந்தருக்கு உணர்த்தினாரன்றோ? நாமும் நம் சங்கங்களில், வேகமாகப் படித்து முன்னேறியவர் பின்னே வருவோர்க்குக் கயிறு பிணைத்தாரா என்று கேட்டுக்கொள்ளுதல் தகும்.

ஆயின் ஊக்கத்திற்கும் அளவு உண்டு. தும்புரு என்பவன் இசை வல்ல கந்தருவன் என்பர். பாலி மொழித் திரிபிடகத்திலும் திம்பரு என்னும் கந்தருவ அரசன் பெயர் வருகின்றது. வீணையை நினைத்தவுடன் நமக்குச் சோணரின் வரலாறு நினைவிற்கு வரவேண்டும். செல்வக் குடியிற் பிறந்து, மெல்லிய பாதம் உடையவராய் வளர்ந்த சோணர், துறவு பூண்டபின் இராசகிருகத்தருகே சீதவனத்தில் நடைத்தியானம் பயின்றார். அளவுகடந்த முயற்சியால் பாதம் வெடித்து, அவர் நடந்த இடமெல்லாம் குருதி படிந்தது. பயன் காணாமையால், வீடு திரும்பிவிடலாமோ என்று அவர் எண்ணினார். பகவன் அவரை அணுகி, இல்வாழ்க்கையில் வீணை மீட்டிய அவரிடம், நரம்பை மிக முறுக்கினால் இசை எழுமோ, மிகத் தளர்த்தினால் எழுமோ என்று வினவினார். இரண்டினும் எழாது என்றார் சோணர். முயற்சியும் அத்தகையதே என்று பகவன் தெளிவித்தார். மலைப்பிளவில் நடப்போர்க்கு இது நேரான பொருளில் பொருந்தும். குருதி கசியும் காலோடு, மாலைக்குள் உச்சியைத் தொட்டே தீர்வேன் என்று வீம்பு கொள்பவனும், முதல் மடுவிலேயே போதும் என்று படுத்துவிடுபவனும் தீர்த்தத்தைக் காணமாட்டார்.

திரும்புதலும் ஊக்கத்தின் ஒரு பகுதியே என்பதையும் மறத்தலாகாது. ஓடையில் நிற்பவனுக்கு மேலே வானம் ஒரு கீற்றாகவே தெரியும். அக்கீற்று நீலமாய் இருக்கும்போதே, மலையின் மற்றொரு பக்கத்தில் பெய்த மழை, வெள்ளமாய்ப் பிளவினுள் பாயக்கூடும். 1997 ஆகஸ்ட் 12-ஆம் நாள், அமெரிக்க நாட்டு அரிசோனாவில் ஆண்டிலோப் பிளவு என்னும் குறுகிய பாறை வழியில், தொலைவிற் பெய்த மழையால் வந்த வெள்ளம் 11 பேரை வாரிச் சென்றது. நம் திருமலையிலும் 2021 நவம்பரில் பெய்த பெருமழையால் மலைச்சாலைகள் சிதைந்தன. ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி சேதமுற்றுப் பல மாதம் மூடிக்கிடந்தது. அம்மாதம் 19-ஆம் நாள் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து, கீழேயிருந்த ஊர்கள் அழிந்தன. பகவன் இறுதி நேரத்தில் தம் மாணாக்கர்க்கு அளித்த அறிவுரை, தளராத விழிப்போடு முயலுக என்பதே. விழிப்பின்றி முயலுதல் அவர் கூறிய முயற்சி அன்று.

இதுகாறும் கூறியவை பக்தியால் நடப்போர்க்கும், மலையின் எழிலை விரும்பி நடப்போர்க்கும் உரியவை. இவ்விருவரும் தாமே விரும்பிச் செல்வோர், விரும்பினால் திரும்புவோர். மூன்றாம் வகையினர் ஒருவர் உளர். அவரைப் பற்றிப் பேசாமல் இவ்வறவுரையை முடிப்பின் நாம் பாதி வழியில் நின்றவராவோம்.

வேங்கடம் தமிழகத்தின் வடவெல்லை என்பது தொல்காப்பியப் பாயிரத்தால் நாம் அறிந்தது. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகள் சில, பொருள் தேடிப் பிரிந்த தலைவன் வேங்கடமலையைக் கடந்து வேற்றுமொழி நாட்டிற்குச் சென்றதையும், வீட்டில் இருந்த தலைவி அவ்வழியின் கொடுமையை எண்ணி உருகியதையும் கூறுகின்றன. அம்மலைக்கு உரியவனாகப் புல்லி என்னும் தலைவன் பெயரும் அப்பாட்டுகளில் உண்டு. ஈராயிரம் ஆண்டு கழிந்தபின், அதே மலைக்காட்டிற்குள் தமிழ்நாட்டு ஏழை மக்கள் பொருள் தேடிச் செல்வதை நாம் காண்கின்றோம். அவர்கள் தேடுவது செம்மரம்.

செம்மரம் ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளிலும் அவற்றை அடுத்த சில இடங்களிலும் அன்றி, உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. அது மெல்ல வளர்வது. உள்ளே செவ்வயிரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனத்தில் விலையுயர்ந்த நாற்காலி மேசைகளுக்கும், ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் அது விரும்பப்படுகின்றது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனினும் கள்ள வணிகம் ஓயவில்லை. சவ்வாது மலை, சித்தேரி மலை முதலிய இடங்களில் வேலையின்றி வாடும் மக்களைத் தரகர் அணுகி, முன்பணம் தந்து, காட்டிற்கு அனுப்புகின்றனர். அவர்கள் அரிசியும் கோடரியும் சுமந்து, பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் பல நாள் அப்பிளவுகளில் திரிகின்றனர்.

2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் கள்ளக் கடத்தலைத் தடுக்கச் சென்ற வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் தமிழ்நாட்டினர் 20 பேர் ஆந்திரக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்பிற்காகச் சுட்டதாகக் காவல்துறையினர் கூறினர். முன்னரே பிடித்துச் சென்று கொன்றனர் என்று இறந்தோரின் உறவினர் முறையிட்டனர். தேசிய மனித உரிமை ஆணையமும் அதில் தலையிட்டது. திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களில் எத்தனையோ குடிசைகளில் அன்று விளக்கெரியவில்லை. கொலையுண்ட வன அலுவலரின் இல்லங்களிலும் முன்னர் அவ்வாறே இருந்தது. இருதிறத்தார் கண்ணீரிலும் வேற்றுமை காணுதல் நமக்குத் தகாது.

இங்கே நாம் என்ன கூறுவது? மரத்தை வெட்டுதல் தவறு. காட்டை அழித்தல் தவறு. உயிர்ப்பயிரைச் சிதைத்தல் ஆகாது என்று பிக்குகளுக்கு விநயத்தில் விதி உண்டு. களவு நீங்குதல் நம் ஐந்து சீலங்களுள் ஒன்று. ஆகவே வெட்டியவன் குற்றமற்றவன் என்று நாம் கூறோம். ஆனால் குற்றத்தை அவன் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் கைகழுவுதல் நற்காட்சியாகுமா? சார்பினால் யாவும் தோன்றும் என்பது நம் தருமம். அதனை இங்கே பொருத்திப் பார்ப்போம். தொலைநாட்டில் ஒருவர் வரவேற்பறையில் செந்நிற நாற்காலி இடவேண்டும் என்னும் வேட்கை முதற் சார்பு. அவ்வேட்கையால் விலை, விலையால் கள்ள வணிகன், அவனால் தரகன், தரகனால் முன்பணம், முன்பணத்தால் காட்டில் கோடரி, கோடரியால் துப்பாக்கி, துப்பாக்கியால் கைம்மை. இச்சங்கிலியில் மிக மெலிந்த கண்ணியே அறுபடுகின்றது. மற்றவை மீண்டும் கோக்கப்படுகின்றன.

மகாவிசிதன் என்னும் வேந்தனின் வரலாற்றைப் பகவன் உரைத்ததை நினைவு கூர்வோம். அவன் நாட்டில் கள்வர் மிகுந்தனர். தண்டனையால் அவர்களை ஒழித்துவிடலாம் என்று எண்ணற்க என்றார் அவனுடைய புரோகிதர். எஞ்சியவர் மீண்டும் எழுவர். உழுவோர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், பணிசெய்வோர்க்கு ஊதியமும் தருக என்றார். வேந்தன் அவ்வாறே செய்ய, மக்கள் தத்தம் தொழிலில் ஊன்றினர். வீடுகள் கதவடையாமல் இருந்தன. மற்றொரு வரலாறும் உண்டு. ஆளவியில் ஒரு வறிய உழவன், காணாமற்போன எருதைக் காடெல்லாம் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, பசியோடு அறங்கேட்க வந்தான். பகவன் அவனுக்கு முதலில் உணவு அளிக்கச் செய்து, அவன் பசி தீர்ந்த பின்னரே அறம் உரைத்தார். பசித்தவனுக்குச் சீலத்தை மட்டும் ஓதிவிட்டு வருதல் புத்தரின் முறையன்று என்பது இதனால் தெளிவாகும்.

ஆகவே நம் அன்பர்கள் செய்யத்தக்கன சில உண்டு. மலையடிவார ஊர்களில் வாழ்வோர், தரகன் முன்பணத்தோடு வரும்போது அது எக்காட்டிற்கு, எவ்வேலைக்கு என்று கேட்டு, அதன் முடிவை இளைஞர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். உரைத்தால் மட்டும் போதாது. அவர் மனைக்கு அடுத்த மாதம் அரிசிக்கு வழி உண்டா என்பதையும் கேட்டல் வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் செலவை ஏற்க வல்லவர் ஒரு பிள்ளையின் செலவையேனும் ஏற்கலாம். தொழில் உடையவர் ஒருவரையேனும் நல்வாழ்தொழிலில் சேர்க்கலாம். காட்டில் மாண்டவர்தம் கைம்பெண்களைக் கடத்தற்காரரின் மனைவியர் என்று ஒதுக்காது, நம் கூட்டங்களில் அருகே அமர்த்திக்கொள்ளுதல் வேண்டும். பொருள் வாங்குவோர், அது எம்மரத்தால் ஆனது, எவ்வாறு வந்தது என்று வினவுதல் வேண்டும். இவை சிறியனவே. எனினும் மலையைப் பிளந்த நீரும் துளிகளாய்த்தான் வந்தது.

காட்டில் திரிந்த ஒருவன், முன்னோர் நடந்த பழைய வழி ஒன்றைக் கண்டு, அதனைப் பின்பற்றிச் சென்று, மறைந்து கிடந்த பழைய நகரை அடைந்து, அதனை மீண்டும் குடியேற்றுமாறு அரசனிடம் கூறினான் என்று பகவன் ஓர் உவமை கூறினார். தாம் கண்ட நெறியும் அத்தகைய பழைய வழியே என்றார். வழியைக் கண்டவன் தனியே அந்நகரில் இருந்துவிடவில்லை. திரும்பி வந்து மற்றவர்க்கு உரைத்தான் என்பதை நாம் உற்று நோக்கவேண்டும்.

ஆதலின், நேயர்களே, பங்குனி முழுமதியில் தும்புரு தீர்த்தத்திற்குச் செல்வோர் நலமே சென்று வருவாராக. மலையேற்றம் பயில்வோர் இசைவு பெற்று, விழிப்போடும் துணையோடும் நடப்பாராக. கொண்டுசென்ற தாளையும் புட்டியையும் காட்டில் விடாது திரும்பக் கொணர்வாராக. அங்கே ஓடைக்கரையில், வெட்டுண்ட செம்மரத்தின் அடிக்கட்டை ஒன்று கண்ணில் படுமாயின், அதனருகே சற்று நின்று, அதனை வெட்டிய கையையும், அக்கை பசித்திருந்த வீட்டையும், காவலில் உயிர்நீத்தவர் வீட்டையும் நினைந்து, மைத்திரி பாவனை செய்வாராக. பின்பு ஊர் திரும்பி, அவ்வீடுகளுள் ஒன்றையேனும் தேடிச் செல்வாராக.

யாவர்க்கும் நல்வழி புலப்படுக. அறம் நிலைபெறுக.